100 கி.மீ வேகத்தை முதலில் தாண்டியது பேட்டரி கார்! யார் இந்த காமில் ஜெனாட்ஸி? உங்க கார் பேட்டரிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சாலையில் ஓடும் வண்டிகளில் மணிக்கு 100 கி.மீ வேகத்தை முதன்முதலில் தாண்டியது பெட்ரோல் கார் இல்லை. டீசல் காரும் இல்லை. அது பேட்டரி கார். வருடம் 1899. இடம் பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அஷேர். ஓட்டியவர் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியம் நாட்டு இன்ஜினீயர். அவருடைய சிவப்புத் தாடியைப் பார்த்து ஊரே வைத்த பட்டப்பெயர் 'சிவப்புப் பிசாசு'.

எலெக்ட்ரிக் கார் ஏதோ இப்போது வந்த விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அதைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. பேட்டரியை வைத்து உலக சாதனை படைத்த அதே ஆள், நாலு வருஷத்தில் பெட்ரோல் காரில் ஏறி இன்னொரு பெரிய பந்தயத்தை ஜெயித்தார். பேட்டரியால் எது முடியும், எது முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பேட்டரி வாங்கப் போகிறவர்கள் குழம்புவதும் இதே இடத்தில்தான்.

யார் இந்த ஜெனாட்ஸி?

1868-ம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக்கில் பிறந்தவர் காமில் ஜெனாட்ஸி. அப்பா கான்ஸ்டன்ட் ஜெனாட்ஸி ரப்பர் தொழில் செய்தவர். காசுக்குக் கஷ்டமில்லாத வீடு. பையன் இன்ஜினீயரிங் படித்தார். படித்ததும் அப்பாவின் தொழிலில் உட்காராமல் அன்றைக்கு ரொம்பப் புதிதாக இருந்த மின்சார வண்டிகள் பக்கம் போனார்.

பாரிஸுக்கு வந்து மின்சார வண்டிகள் தயாரிக்கும் கம்பெனியையும் தொடங்கினார். அந்தக் காலத்து பாரிஸில் குதிரை வண்டிகளுக்குப் பதில் மின்சார வாடகை வண்டிகளை ஓடவிடப் பல கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனியின் வண்டி மற்றவர்களுடையதைவிட நல்ல வண்டி என்று ஊருக்கு நிரூபிக்க ஒரே வழி, பந்தயம். பேப்பர்காரர்கள் எழுதுவார்கள், பணக்காரர்கள் வாங்குவார்கள். இன்றைய விளம்பரச் செலவு மாதிரிதான்.

1898 நவம்பர் 27. பாரிஸ் அருகே ஷான்தலூ என்ற இடத்தில் மலைப்பாதையில் ஏறும் போட்டி நடந்தது. மொத்தம் 1.8 கி.மீ ஏற்றம். பெட்ரோல் வண்டிகளையும் வைத்துக்கொண்டு, மின்சார வண்டியில் வந்த ஜெனாட்ஸி ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 27 கி.மீ. இன்றைக்கு ஒரு சைக்கிள் வீரர் சமதளத்தில் போகும் வேகம். ஆனால் ஏற்றத்தில் மின்சார மோட்டார் எவ்வளவு நன்றாக இழுக்கும் என்பது அன்றே தெரிந்துபோனது.

ஒரு கவுண்ட், ஒரு இன்ஜினீயர், ஒரே ரோடு

அடுத்த மாதமே, டிசம்பர் 18-ம் தேதி அஷேரில் நேர் சாலையில் வேகப் போட்டி. ஜெனாட்ஸியால் அன்று வர முடியவில்லை. வந்தவர் கவுண்ட் காஸ்டன் டி சாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சு பிரபு. அவர் ஓட்டியது ஜான்தோ கம்பெனியின் மின்சார வண்டி. ஒரு கிலோமீட்டரை 57 நொடிகளில் கடந்தார். மணிக்கு சுமார் 63 கி.மீ. உலகத்தின் முதல் தரை வேக சாதனையாகப் பதிவானது இதுதான்.

ஜெனாட்ஸி சும்மா இருப்பாரா? நேரடியாகச் சவால் விட்டார். 1899 ஜனவரி 17-ம் தேதி இருவரும் அஷேரில் மோதினார்கள். ஜெனாட்ஸி 66 கி.மீ-யைத் தாண்டினார். அதே நாளில் கவுண்ட் 70 கி.மீ-யைத் தாண்டி சாதனையைத் திரும்பப் பறித்தார். பத்து நாள் கழித்து ஜெனாட்ஸி திரும்பி வந்து 80 கி.மீ-யைத் தாண்டினார். மார்ச் 4-ம் தேதி கவுண்ட், காற்றைக் கிழிப்பது போல முன்பக்கம் கூராக்கப்பட்ட வண்டியில் வந்து 92 கி.மீ-யைத் தாண்டினார்.

இரண்டு பேரும் மாறி மாறி அடித்த இந்த ஐந்து சாதனைகளும் பேட்டரி வண்டிகளில் நடந்தவை. பெட்ரோல் கார்கள் அன்றைக்கு இந்தப் போட்டிக்கு அருகில்கூட இல்லை.

'ஒருபோதும் திருப்தி அடையாதவள்'

ஜெனாட்ஸி இந்த முறை புதிதாகவே ஒரு காரை உருவாக்கினார். பெயர் 'லா ஜமே கொன்டான்ட்'. பிரெஞ்சு மொழியில் ஒருபோதும் திருப்தி அடையாதவள் என்று பொருள். பார்ப்பதற்கு நான்கு சக்கரத்தின் மேல் படுக்க வைத்த துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும். உடல் முழுவதும் பார்ட்டினியம் என்ற அலுமினியக் கலப்பு உலோகம். மிஷ்லின் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்கள். பின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்ற இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 25 கிலோவாட்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், காற்றைக் கிழிக்க இவ்வளவு பார்த்துப் பார்த்து உடலை வடிவமைத்துவிட்டு, ஓட்டுநரை அதன் மேல் இடுப்பளவு வெளியே தெரியும்படி உட்கார வைத்தார்கள். கீழே சக்கரம், அச்சு எல்லாம் திறந்தபடி. காற்றுத் தடையில் லாபம் பாதி வீணாகியிருக்கும். படத்தில் பார்த்தால் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருப்பார்.

சரி, உள்ளே என்ன இருந்தது? ஃபுல்மென் கம்பெனியின் பேட்டரிகள். காரின் மொத்த எடை சுமார் ஒன்றரை டன். அதில் கிட்டத்தட்ட பாதி பேட்டரி மட்டுமே! இன்றைக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரின் முழு எடையில் முக்கால்வாசியை வெறும் பேட்டரியாகவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்.

1899 ஏப்ரல் 29. அஷேர் சாலையில் ஒரு கிலோமீட்டரை 34 நொடிகளில் கடந்தார் ஜெனாட்ஸி. மணிக்கு 105.88 கி.மீ. 100 என்ற எல்லைக்கோடு உடைந்தது. கவுண்ட் அதற்குப் பிறகு சாதனையைத் திரும்பப் பறிக்கவே இல்லை.

அந்த 34 நொடிக்கு எவ்வளவு கரண்ட்?

இங்கேதான் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மோட்டாரும் சேர்த்து 50 கிலோவாட். 34 நொடியும் முழு பலத்தில் ஓடியதாகவே வைத்துக்கொள்வோம். செலவான மின்சாரம் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டில் ஏசியை அரை மணி நேரம் போட்டால் மீட்டரில் ஏறும் அளவு. வேகம் பிடிக்க ஓடிய தூரத்துக்கும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அரை யூனிட் கரண்ட்டுக்கா முக்கால் டன் பேட்டரி? ஆமாம். மொத்தம் எவ்வளவு கரண்ட் சேமித்து வைக்க முடியும் என்பது அன்று ஜெனாட்ஸியின் பிரச்சினையே இல்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக வெளியே எடுக்க முடியும் என்பதுதான் பிரச்சினை. அவருடைய மோட்டார்கள் 200 வோல்ட்டில் ஓடின. ஒவ்வொரு மோட்டாரும் சுமார் 124 ஆம்பியர் இழுத்தது. அப்படியென்றால் இரண்டுக்கும் சேர்த்து 250 ஆம்பியர் அளவு. இவ்வளவு கரண்ட்டை ஒரே மூச்சில் கொடுக்கும்போது வோல்டேஜ் கீழே விழாமல் பேட்டரி தாங்க வேண்டும்.

லெட்-ஆசிட் பேட்டரியின் குணமே அப்படி. 1859-ல் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த இந்த பேட்டரியில் ஈயத் தகடுகள் சல்ஃபியூரிக் அமிலத்தில் நிற்கும். ஒரு செல் 2 வோல்ட் கொடுக்கும். 200 வோல்ட் வேண்டுமென்றால் நூறு செல்களை வரிசையாக இணைக்க வேண்டும். கரண்ட்டை மெதுவாக எடுத்தால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் கிடைக்கும். அவசரமாக உறிஞ்சினால் பாதியிலேயே வோல்டேஜ் படுத்துவிடும். இதைக் கணக்காக எழுதி வைத்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி பாய்க்கெர்ட். வருடம் 1897, ஜெனாட்ஸியின் சாதனைக்கு இரண்டே வருடம் முன்பு. இன்றைக்கும் பேட்டரித் துறையில் பாய்க்கெர்ட் விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, அந்த 'குண்டு' காருக்கு வேண்டியது ஒரு நிமிடம் மட்டும் உயிரைக் கொடுக்கும் பேட்டரி. ரொம்ப தூரம் போகும் பேட்டரி இல்லை.

இதற்கும் உங்க காருக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் முதல் வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. பெரிய இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஓரிரு நொடிக்குச் சில நூறு ஆம்பியர் இழுக்கும். ஜெனாட்ஸியின் கார் இழுத்த அதே ரகம்! வோல்ட்தான் குறைவு, நேரம்தான் குறைவு.

ஆனால் பேட்டரி மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஆம்பியர்-அவர் எண்ணை மட்டும். 60 போட்டிருந்த இடத்தில் 70 போட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு. ஆம்பியர்-அவர் என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. ஸ்டார்ட் ஆவதற்குத் தேவை குழாயின் அகலம். அந்த அகலத்தைச் சொல்லும் எண் சிசிஏ, அதாவது கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ். மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 நொடிக்கு வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதுதான் அமெரிக்க முறைப்படி அந்த எண். ஐரோப்பிய முறையில் சோதனை வேறு. அதனால் இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே முறையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்பிளையும் ஆரஞ்சையும் எடை போட்ட கதை.

வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை யோசித்துப் பாருங்கள். 150 ஆம்பியர்-அவர் இருக்கும். கார் பேட்டரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதற்காக அதைத் தூக்கி காரில் வைப்பது சரியாக இருக்காது. அது கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் கொடுக்கச் செய்யப்பட்டது, தகடுகள் தடிமன். ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகம், அதனால் கரண்ட் ஒரே அடியாகக் கிளம்பும். ஆனால் அடிக்கடி முழுக்க காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். பெயர் இரண்டுக்கும் பேட்டரிதான், வேலை வேறு வேறு.

அடுத்தது ஏஜிஎம். தகடுகளுக்கு நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து அமிலத்தை அதில் ஊற வைத்த பேட்டரி. உள்ளே தடை குறைவு, அதிர்வைத் தாங்கும், கவிழ்ந்தாலும் சட்டென்று ஒழுகாது. வேகமான கார்களில் எடையைச் சமமாகப் பிரிக்க பேட்டரியை டிக்கிக்குள் வைக்கும் வழக்கம் உண்டு. பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் அப்படித்தான். அங்கே பேட்டரியிலிருந்து வரும் வாயு வெளியே போக ஒரு மெல்லிய குழாய் இருக்கும். பேட்டரி மாற்றும்போது அந்தக் குழாயைத் திரும்ப மாட்டினார்களா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது வெளிவருவது ஹைட்ரஜன். மூடிய டிக்கிக்குள் அது சேருவது விளையாட்டு இல்லை.

கார் ஏஜிஎம் பேட்டரியோடு வந்திருந்தால் மாற்றும்போதும் ஏஜிஎம்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால், சிக்னலில் தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள கார்களில் அது ரொம்ப நாள் தாங்காது. பல ஐரோப்பிய கார்களில் இன்னொரு விஷயமும் உண்டு. புது பேட்டரி வைத்ததைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பழைய பேட்டரிக்கு வயதாக ஆக அதற்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் முறையை கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே வந்திருக்கும். சொல்லாவிட்டால் புதுசையும் கிழவன் மாதிரியே நடத்தும்.

சைஸ், பாசிட்டிவ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா, கீழே இறுக்கும் கிளிப் பொருந்துமா என்பதெல்லாம் கார் மேனுவலில் இருக்கும். சரியாக இறுக்காத பேட்டரி வளைவில் வேகமாகத் திரும்பும்போது நகரும். முனை பானெட்டில் பட்டால் தீப்பொறிதான்.

லித்தியம் போட்டால் என்ன?

இது பெரிய ஆசை. எடை பாதிக்கும் கீழே. 2010-ம் ஆண்டு வாக்கில் போர்ஷே நிறுவனம் 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் கார்களுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு. வழக்கமான பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் மிச்சம். ரேஸ் டிராக்கில் 10 கிலோ என்பது பெரிய விஷயம்.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. லித்தியம் பேட்டரி வாங்கியவர்களுக்கு போர்ஷே கூடவே ஒரு சாதாரண பேட்டரியையும் சேர்த்துத் தந்தது. காரணம், பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியின் ஸ்டார்ட் செய்யும் பலம் குறைந்துவிடும். டிராக்குக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. தயாரித்தவர்களே ஒரே பேட்டரி எல்லா வேலையையும் செய்யும் என்று நம்பவில்லை.

நம்ம ஊரில் குளிர் பிரச்சினை இல்லை, வெயில்தான் எதிரி. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில் தகடுகள் வெப்பத்தால் வேகமாக அரிக்கும். அதனால் சிசிஏ எண்ணை ரொம்பத் துரத்தத் தேவையில்லை. கார் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். தயாரித்த தேதி புதிதாக இருக்கிறதா, வெப்பத் தடுப்பு உறை திரும்ப மாட்டப்பட்டதா என்பதில் கவனம் வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இன்னொரு தொல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போதும் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். புது பேட்டரி வாங்கியும் ஒரே வருஷத்தில் போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். கராஜில் பிளக் பாயிண்ட் இருந்தால் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வாங்குவது, ஒரு படி பெரிய பேட்டரி வாங்குவதைவிட புத்திசாலித்தனம். லித்தியத்துக்கு லித்தியம் சார்ஜர், ஏஜிஎம்முக்கு ஏஜிஎம் மோட். மாற்றிப் போடக் கூடாது.

பேட்டரியை விட்டு இறங்கிய ஜெனாட்ஸி

ஜெனாட்ஸி கதைக்கு வருவோம். அவருடைய 105.88 சாதனை மூன்று வருடம் நின்றது. 1902 ஏப்ரலில் பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் லியோன் செர்போலே என்பவர் நீராவி காரில் மணிக்கு 120 கி.மீ-யைத் தாண்டி அதை முறியடித்தார். அதன்பின் பெட்ரோல் கார்கள் பிடித்துக்கொண்டன.

ஜெனாட்ஸி அதற்கு முன்பே அடுத்த கட்டத்தை யோசிக்க ஆரம்பித்திருந்தார். பெட்ரோல் இன்ஜினையும் மின்சார மோட்டாரையும் சேர்த்த வண்டிகளிலும் கை வைத்துப் பார்த்தார். இன்று ஹைபிரிட் என்கிறோமே, அதன் ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அன்றைய பந்தயங்கள் ஒரு கிலோமீட்டரில் முடியவில்லை. ஊர் விட்டு ஊர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். முக்கால் டன் ஈயத்தை வைத்துக்கொண்டு அதில் நிற்கவே முடியாது. 34 நொடிக்குச் சரியாக இருந்த பேட்டரி, ஆறு மணி நேரத்துக்குச் சரிப்படாது.

1903 ஜூலை 2. அயர்லாந்தில் ஏத்தி ஊரைச் சுற்றி கார்டன் பென்னட் கோப்பை பந்தயம். பிரிட்டனில் பொதுச் சாலையில் பந்தயம் நடத்தத் தடை இருந்ததால் அயர்லாந்துக்குப் போனது. மொத்தம் 527 கி.மீ. ஜெனாட்ஸி மெர்சிடிஸ் அணிக்காக ஓட்ட வேண்டும். பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் இருந்த மெர்சிடிஸ் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பந்தயத்துக்காகத் தயார் செய்த 90 குதிரைத்திறன் கார்கள் எரிந்து போயின.

என்ன செய்வது? ஏற்கெனவே விற்றுவிட்ட 60 குதிரைத்திறன் கார்களை வாடிக்கையாளர்களிடம் இரவல் கேட்டார்கள். ஜெனாட்ஸிக்குக் கிடைத்தது கிளாரன்ஸ் கிரே டின்ஸ்மோர் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரரின் கார். பலம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் வளைவு நெளிவான அந்த அயர்லாந்து சாலைக்கு அது தோதாக அமைந்தது. ஜெனாட்ஸி ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி, சராசரி 79 கி.மீ வேகத்தில் முதலாவதாக வந்தார். மெர்சிடிஸ் என்ற பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன வெற்றிகளில் இதுவும் ஒன்று. அதற்கு மாற்றாக வந்த கார்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்த வருடம் ஜெர்மனியில் நடந்த அதே பந்தயத்தில் பிரான்ஸின் லியோன் தேரி முந்த, ஜெனாட்ஸி இரண்டாவது. பிறகு சில வருடங்கள் ஓட்டினார், பழைய அளவுக்கு வெற்றிகள் இல்லை. மெல்ல டயர் தொழில் பக்கம் திரும்பினார், அப்பா விட்ட இடம்.

துரத்திய மரணம்

இத்தனை வேகத்திலும் தப்பித்தவரின் முடிவு காரில் வரவில்லை. 1913 டிசம்பர். பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் நண்பர்களுடன் வேட்டைக்குப் போயிருந்தார். கூட இருந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் மாடூ, பத்திரிகை நிர்வாகி. நண்பர்களை ஏமாற்ற வேண்டும் என்று ஜெனாட்ஸி இரவில் புதருக்குப் பின்னால் ஒளிந்து காட்டு விலங்கு மாதிரி குரல் கொடுத்தார். குரல் அச்சு அசலாக இருந்துவிட்டது. மாடூ உண்மையிலேயே விலங்கு என்று நினைத்துச் சுட்டார்.

குண்டு பாய்ந்ததும்தான் விஷயம் புரிந்தது. அவசரமாகக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே ரத்தம் வெளியேறி உயிர் போனது. அந்தக் கார் ஒரு மெர்சிடிஸ். தான் மெர்சிடிஸ் காரில்தான் சாவேன் என்று அவர் முன்பே சொல்லி வந்ததாக ஒரு கதை உண்டு. பந்தய வீரர்களைப் பற்றிப் பின்னாளில் முளைக்கும் கதைகளில் ஒன்றாகவும் இருக்கலாம். அப்போது அவருக்கு வயது 45.

'லா ஜமே கொன்டான்ட்' இன்றும் இருக்கிறது. பாரிஸுக்கு வடக்கே காம்பியேன் அரண்மனையில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அதன் பேட்டரியைச் செய்த ஃபுல்மென் பெயரில் ஐரோப்பாவில் இன்றைக்கும் கார் பேட்டரி விற்கிறார்கள்.